அப்பாவின் பாண்டோனியன் தேவாலயத்துக்குப் போகக் கூடாது

பைசாந்து,
சுற்றுலா வாரம், சனிக்கிழமை

பேச்சு நின்றாலும் மரியாதை நிற்காத என் மூத்த சகோதரி நெலிதாவுக்கு,

தம்பி ஹேபெர் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? மைத்துனர் ரூபென் சுகமா? விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் லிபெர்தாத் ஒரு மாதமாகச் சந்தோஷமாக இருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பெண் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால் தகப்பன் கேட்க வேண்டாமா? கேட்டேன். மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: யாரோ ஒரு துறவியின் நாட்குறிப்பைப் படிக்கிறாளாம், தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாளாம். "ஆத்தங்கரையில சைக்கிள் ஓட்டறப்ப மனசு நிறைஞ்சு போகுதுப்பா. அப்ப யாருக்கு நன்றி சொல்றது?" இருபத்தாறு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், தலைமையாசிரியர் பதவி எனக்குக் கிடைக்காதது வேறு விஷயம், "நகராட்சிக்கு" என்றேன். "ஆத்தையும் அவங்கதான் விட்டாங்களா?" என்று சிரித்தாள். பிறகு அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'அன்புடன் அத்தை' என்று உன் கையெழுத்து. எல்லாம் உன் வேலைதானா, நெலிதா?

இது போதாதென்று நேற்று நடந்தது. புனித வாரம் என்ற பெயரையே சட்டம் போட்டுச் சுற்றுலா வாரம் என்று மாற்றிய நாடு இது. பக்தர்கள் இறைச்சி தொடாத பெரிய வெள்ளியன்று தேவாலயத்துக்கு எதிர் நடைபாதையில் நாத்திகர்களான எங்கள் சுதந்திரச் சிந்தனையாளர் சங்கம் இறைச்சி சுடுவது அப்பா காலத்து வழக்கம். மிச்சமிருக்கும் ஏழு பேரும் வந்திருந்தோம். புகை நேராக வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த வாசலிலிருந்து என் மகள் வெளியே வந்தாள். சங்கத் தலைவர் அர்தேமியோவுக்கு எண்பத்தொரு வயது, கண் மங்கல். "வா கண்ணு, உனக்குத்தான் விலா எலும்பு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். "இன்னைக்கு வேண்டாம் தாத்தா" என்றாள். தொத்திறைச்சி கருகியது. "லிபெர்தாத்னு பேர் வச்சதுக்கு இதுவாடி?" என்று கேட்டேன். "சுதந்திரம்னு பேர் வச்சது நீங்கதானேப்பா" என்கிறாள். அர்தேமியோ சிரித்துவிட்டார். அவரிடமும் இனி எனக்குப் பேச்சில்லை.

அதோடு விட்டாளா? தேவாலயத்து ஆர்கன் பழுதாம், பன்னிரண்டாம் தேதி பூசையில் வாசிக்க, அப்பா மடியில் வைத்துத் துருத்தியை இழுத்து வாசித்த பாண்டோனியன் வேண்டுமாம். சாகும்போதும் பாதிரியார் வரக் கூடாது என்று எழுதிவைத்த மனுஷனின் வாத்தியம். "அதை முதல்ல செஞ்சதே ஆர்கன் வாங்க வசதியில்லாத கோயில்களுக்காகத்தான்ப்பா, பாருங்க" என்றாள். கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது. யாரை நம்புவது?

பாண்டோனியன் நம் இருவருக்கும் பொது. ஆகவே 'கூடாது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. இதையாவது செய். நீ தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, கொள்கைக்காக உள்ளே வராமல் நான் மழையில் நின்றேன். கோட்டு சுருங்கிப்போனது. நீ ஒரு குடைகூட அனுப்பவில்லை. இவள் விஷயத்திலும் நான் வெளியேதான் நிற்க வேண்டுமா?

ஆசீர்வாதம் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடு. ரூபெனுக்கு வணக்கம், சாதாரண வணக்கம்.

ஹேபெர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரம் பக்கத்து அறையில் அவள் பழகும் சத்தம். துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது அதே பொத்தானில் வேறு சுரம் என்பதுகூடத் தெரியாமல் அப்பாவின் வாத்தியத்தை வதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி மட்டும் வாசித்துக் காட்டப் போனேன். சாயங்காலமாகிவிட்டது. "நீங்களே வாசிங்கப்பா, நான் பாடறேன்" என்றாள். வாத்தியத்தின் பாதுகாப்பை உத்தேசித்து ஒப்புக்கொண்டேன். தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன். 'கூடாது' அனுப்பாதே. ரூபெனின் கறுப்புக் கோட்டைப் பன்னிரண்டாம் தேதிக்குள் பஸ்ஸில் போட்டுவிடு. என்னுடையது சுருங்கியதற்கு நீதான் பொறுப்பு.