நாற்பது வீட்டுக்கு ஒரே டப்பா

தாங்கள் செய்த தப்பைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் கிடைக்கும். அந்த வேலையை நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எப்படி வந்து மாட்டினேன் என்று கேட்பவர்களிடம் "சேவை மனப்பான்மை" என்று சொல்லிவிடுவேன். உண்மைக் காரணம் ஒரு டப்பா.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் அப்பா கணக்கு வாத்தியார். அம்மா தமிழ் டீச்சர், அக்கா அறிவியல் டீச்சர், பெரியம்மா தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால் யாராவது "வணக்கம் டீச்சர்" என்பார்கள். யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியாமல் குடும்பமே சேர்ந்து பதில் வணக்கம் வைக்கும். நான் மட்டும் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். படித்து முடித்ததும் பி.எட். சேர வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை (சாப்பிட்டதும் கை கழுவு என்று யாராவது சொல்வார்களா என்ன?).

எனக்கோ கம்ப்யூட்டர் பைத்தியம். தொண்ணூற்றெட்டில் தி.நகரில் ஒரு மாடி அறையில் மூன்று மாதம் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு, அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். மாதாவை விடச் சான்றிதழ் அரை அங்குலம் பெரிது. அம்மா அதைக் கவனித்துவிட்டு மாதா படத்தை அரை அங்குலம் மேலே ஏற்றி மாட்டினார்.

என்னைக் காப்பாற்ற வந்தவர் சித்தப்பா. கிண்டி தொழிற்பேட்டையில் ஷெட் போட்டு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தார். அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் திருநாள், கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் அவருடைய ஆம்ப்ளிஃபயர் பாரபட்சம் இல்லாமல் அலற வைக்கும். அவரைத் தேடி பினாங்கிலிருந்து மணியம் என்று ஒரு வியாபாரி வரப்போவதாகக் கடிதம் வந்தது. வாங்குவதற்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர் எந்தச் சுருதியை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு அமுக்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்லயே காட்டிடலாம் சித்தப்பா," என்றேன். "ஒரு ஃப்ளாப்பில போட்டுக் குடுத்தா அவரு ஊர்லயும் பார்த்துக்கலாம். பிரவுசர் இருந்தா போதும்."

சித்தப்பா நேராக அப்பாவிடம் போனார். "அண்ணே, இது ஓடிச்சுன்னா ஸ்டெல்லாவ எங்கிட்ட விட்ருங்க, கம்ப்யூட்டர் வேல பார்க்கட்டும். ஓடலைன்னா நீங்க சொல்றபடி பி.எட்."

அப்பா யோசித்துவிட்டு, "நியாயந்தான். நானும் வந்து பார்க்கறேன்," என்றார். அப்பா நியாயமான மனிதர். நியாயமான மனிதர்களோடு பந்தயம் கட்டக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வேலையை ஆரம்பித்தேன். இருபது முதல் இருபதாயிரம் வரையுள்ள அதிர்வெண்களில் நாற்பது புள்ளிகளைப் பொறுக்க வேண்டும். அவற்றைச் சம இடைவெளியில் வைக்கக் கூடாது. நம் காதுக்கு நூறிலிருந்து இருநூறுக்கு ஏறுவதும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு ஏறுவதும் ஒரே அளவு ஏற்றம்தான். அதனால் புள்ளிகள் கீழே நெருக்கமாகவும் மேலே போகப்போக விலகியும் இருக்க வேண்டும். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்கு ஒரு பஸ் ஸ்டாப் இருக்கும், திருவான்மியூர் தாண்டிவிட்டால் ஊருக்கு ஒன்றுதான் இருக்கும், அந்த மாதிரி. இதற்கு மடக்கைக் கணக்கு, அதாவது லாகரிதம், வேண்டும்.

கல்லூரிப் புத்தகத்திலிருந்து ஒரு சூத்திரத்தைப் பார்த்து எழுதினேன். ஆரம்பம் இருபது, முடிவு இருபதாயிரம் என்று கொடுத்தேன். அந்தச் சூத்திரம் கேட்டதோ பத்தின் அடுக்கை. நான் இருபது என்றதும் அது ஒன்றுக்குப் பின்னால் இருபது பூஜ்யம் போட்டுக்கொண்டது. இருபதாயிரம் பூஜ்யம் போடச் சொன்னபோது கையை விரித்துவிட்டு 'முடிவிலி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"முடிவே இல்லன்னா நல்லதுதானே? நோட்டீஸ்ல போட்டுடலாமா?"

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அதைச் சரிசெய்தேன். அடுத்தது சிக்கலெண். ஒரு சுருதி ஆம்ப்ளிஃபயருக்குள் போய் வெளியே வரும்போது எவ்வளவு கூடியது, எவ்வளவு தாமதமானது என்று இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி என்று இரண்டு அறை உள்ள எண் தேவை. ஜாவாஸ்கிரிப்டில் அப்படி எண் கிடையாது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும். நானும் இரண்டு அறை உள்ள ஒரு டப்பாவைச் செய்து, நாற்பது இடத்திலும் வைத்தேன். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்காமல் இருப்பேனா? ஒவ்வொரு டப்பாவையும் நிரப்பும்போது அதில் என்ன இருக்கிறது என்று திரையில் சொல்ல வைத்தேன். நாற்பது முறை ஓகே அமுக்கினேன். நாற்பதும் சரி. கடைசியில் படம் வரைந்தபோது நட்சத்திரக் குறிகள் ஒரே நேர்கோட்டில் நின்றன. ஆம்ப்ளிஃபயரில் கனத்த சத்தத்துக்குப் பேஸ், கீச்சுச் சத்தத்துக்கு ட்ரெபிள் என்று திருப்புவதற்கு இரண்டு நாப் உண்டு, திரையிலும் அதேபோல இரண்டு வைத்திருந்தேன். இரண்டையும் நடுவில் வைத்தால் நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு நேர்கோடுதான் வர வேண்டும். ஆனந்தத்தில் அந்த நாப்களைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. திருப்பியிருந்தால் இன்றைக்கு நான் ஏதோ ஒரு கம்பெனியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை காலை, பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் சித்தப்பாவின் சின்னக் கடை. கம்ப்யூட்டரைக் கிண்டியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தவர் தேவா அண்ணன். ஷெட்டில் ஈயம் வைத்துப் பற்றவைப்பவர், ஊரூர் குப்பத்துக்காரர், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து வந்திருந்தார். அப்பா துணிப்பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து பி.எட். விண்ணப்பத்தின் நுனி எட்டிப் பார்த்தது. மணியம் வெள்ளைச் சட்டையில், அதிகம் பேசாதவராக, ஆம்ப்ளிஃபயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டனை அமுக்கினேன். நாற்பது நட்சத்திரங்கள் திரையில் மேலிருந்து கீழாக வரிசையாக இறங்கின (படம் போடும் வசதி தெரியாததால் வரிக்கு ஒரு நட்சத்திரமாக எழுதியிருந்தேன், கோடு படுப்பதற்குப் பதில் நின்றது). நால்வரும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"நேரா இருக்கே," என்றார் மணியம்.

"எங்க சாமான் எப்பவும் நேர்மைதான் சார்," என்றார் சித்தப்பா.

"கோடு சோக்கா கீது பாப்பா," என்றார் தேவா அண்ணன். அப்பா விண்ணப்பத்தின் நுனியைப் பைக்குள் தள்ளியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த நிமிடம் நான் இருந்த உயரத்துக்குக் கடையின் மின்விசிறி தலையில் இடித்திருக்க வேண்டும்.

"பேஸ் ஃபுல்லா வைங்க," என்றார் மணியம்.

வைத்தேன். திரையில் பேஸ் நாப் முழுக்க ஏறியும் அதே நேர்கோடு.

"அசையாது சார். ஸ்டெடி," என்றார் சித்தப்பா.

மணியம் எழுந்து உண்மையான ஆம்ப்ளிஃபயரின் பேஸ் நாப்பைத் திருப்பினார். ஸ்பீக்கர் 'தும்' என்று அதிர்ந்தது, அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. திரையில் கோடு ராணுவ வீரன் போல நின்றது. கழுத்து இன்னும் சாய்ந்தபடியே, "திருப்பினாலும் அசையலன்னா, இந்த நாப் எதுக்கு லா?" என்று பினாங்குப் பேச்சில் கேட்டார்.

"ட்ரெபிள் வெச்சுப் பாரும்மா," என்றார் சித்தப்பா, சன்னமான குரலில். வைத்தேன். இந்த முறை கோடு அசைந்தது. நாற்பது நட்சத்திரமும், ஒன்று விடாமல், ஒரே அடியாக வலப்பக்கம் நகர்ந்து, மறுபடி நேராக நின்றுகொண்டன.

"பேஸ் சத்தமும் சேர்ந்து ஏறுது," என்றார் மணியம். அவர் இளமையில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. "உங்க ஆம்ப்ளிஃபயர் இப்படின்னா எனக்கு வேண்டாம்."

சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பத்து வருடமாகச் செய்கிற சாமானை என் நாற்பது நட்சத்திரம் கெடுத்துக்கொண்டிருந்தது. அழுகை முட்டியது. "சார், ஆம்ப்ளிஃபயர் நல்லது சார். தப்பு என்னுது. பத்து நிமிஷம் குடுங்க," என்றேன்.

நான்கு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க, எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். டப்பா செய்கிற வரி வந்தது. பார்த்ததும் அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா?" என்றார் சித்தப்பா, பயந்துபோய்.

"சித்தப்பா, கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்லேர்ந்து நாற்பது வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவோமில்ல?"

"ஆமா. சின்ன வயசுல நாந்தானே தூக்கிக்கினு அலைஞ்சேன்."

"நாற்பது டப்பா இல்ல, ஒரே டப்பாதான்னு வெச்சுக்கோங்க. மொத வீட்டுக்குக் கல்கல் போட்டு, மூடி மேல அவங்க பேரை எழுதறோம். அப்புறம் அதைக் கொட்டிட்டு, அதே டப்பால முறுக்கு போட்டு ரெண்டாவது வீட்டுப் பேரையும் எழுதறோம். இப்படியே போயி, நாற்பதாவது வீட்டுக்கு அதிரசம்."

"அப்ப மூடி மேல நாற்பது பேரு இருக்கும்."

"உள்ள?"

சித்தப்பா யோசித்தார். "கடைசியா போட்ட அதிரசந்தான்."

"மொத வீட்டுக்காரங்க வந்து திறந்தா?"

"அவங்களுக்கும் அதிரசந்தான்."

"அதான் பண்ணியிருக்கேன். போடும்போது பார்த்தா எல்லாம் சரியா இருந்துது. ஆனா நாற்பது டப்பா செய்யாம ஒண்ணே ஒண்ணு செஞ்சு, நாற்பது பேரையும் அது மேலயே எழுதிட்டேன். நீங்க பார்த்தது நாற்பது புள்ளி இல்ல. நாற்பதாவது புள்ளிய நாற்பது தடவ பார்த்தீங்க. அது இருக்கறதுலயே கீச்சுன்னு கேக்கற சுருதி. பேஸ் அதைத் தொடாது. ட்ரெபிள் தொடும்."

தேவா அண்ணன்தான் முதலில் பேசினார். "அப்போ முப்பத்தொம்போது வூட்டுப் பலகாரம் இன்னா ஆச்சு பாப்பா?"

"கொட்டிட்டேன்ண்ணே."

"அடப்பாவமே," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

டப்பா செய்யும் அந்த ஒரு வரியை, நாற்பது முறை திரும்பத் திரும்ப ஓடும் சுற்றுக்கு உள்ளே தள்ளினேன், ஒவ்வொரு முறையும் புது டப்பா வரும்படி. பேஸை முழுக்க வைத்து அமுக்கினேன். கோடு மேல்பக்கம், பேஸ் புள்ளிகள் இருக்கும் இடத்தில் மட்டும், தொப்பை தள்ளிக்கொண்டு வந்து நின்றது. மணியம் திரையில் இருந்த நாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொப்பை ஏறியது, இறங்கியது. அவர் முதல் தடவையாகக் கழுத்தை நிமிர்த்தினார். "ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கறேன். அந்தப் பலகாரக் கதையையும் எழுதிக் குடுங்க, எங்க ஊர்ப் பையன்களுக்குச் சொல்லணும்."

சித்தப்பா என் தலையில் கை வைத்து நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஓடிச்சில்ல அண்ணே," என்றார்.

"ஓடிச்சு," என்றார் அப்பா. "பந்தயத்துல ஸ்டெல்லாதான் ஜெயிச்சா. அவ இஷ்டம்." பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார், கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். "முப்பது வருஷமா போர்டுல எழுதறேம்மா. இப்படிச் சொல்ல எனக்கு வராது."

அப்போதும் நான் மசியவில்லை. கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு தேவா அண்ணனோடு கிண்டிக்கு ஆட்டோவில் கிளம்பினேன். சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாண்ணா இது, டிவியா?" என்றார்.

"கம்பூட்டரு நைனா. கேளு, ஒரே டப்பா கீதுன்னு வெச்சிக்க," என்று தேவா அண்ணன் ஆரம்பித்தார். கல்கல், முறுக்கு, அதிரசம், மூடி மேல் நாற்பது பேர் என்று ஒன்றையும் விடவில்லை. போடும்போது பார்த்தால் ஏன் சரியாகத் தெரிந்தது என்பதைக்கூடச் சொன்னார். ஆட்டோக்காரர் திரும்பி உட்கார்ந்து, "அப்போ டப்பாவ உள்ளாறயே செய்யணும், ஒவ்வொரு வாட்டியும்," என்றார்.

தேவா அண்ணன் என்னைப் பார்த்தார். "கரீட்டா சொல்லிக்கினேனா டீச்சர்?"

என் புரோகிராம் ஓடியபோது வந்த சந்தோஷம் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மடித்த விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அப்பாவின் குண்டு எழுத்தில் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. திங்கட்கிழமை போட்டேன்.

கம்ப்யூட்டர் டீச்சராகி இத்தனை வருடத்தில் என் மாணவிகள் பல ஊர்களில் கண்ணாடி அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதாவது கோடு சந்தேகப்படும்படி நேராக இருந்தால் "மிஸ், அதிரசம்" என்று மட்டும் செய்தி அனுப்புவார்கள். வீட்டில் கிறிஸ்மஸ் பலகாரம் கட்டும்போது சித்தப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டப்பாக்களை விரல்விட்டு எண்ணாமல் ஒன்றையும் வெளியே விடமாட்டார்.

முதல் டப்பா எப்போதும் ஊரூர் குப்பத்துக்குத்தான் போகும், நானே கொண்டுபோவேன். தேவா அண்ணன் வாசலிலேயே வாங்கி, மூடியில் தன் பெயர் மட்டும்தான் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பிறகு திறந்து, கல்கல்லைக் கண்டதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்: "வாங்கிக்கலாம், டீச்சர் தனி டப்பாதான் எட்த்தாந்துகீறாங்க."