காது மட்டும் உள்ள போர்ட்

மனைவியின் மௌனத்தைத் தொழில்முறைப்படி பழுது பார்த்துவிடுவது என்று ஸ்விட்ச்காரர் ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தார்.

ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற சமாச்சாரம் இல்லை. ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டர்களின் கேபிள்களெல்லாம் போர்ட் என்கிற ஓட்டைகளில் வந்து சேருகிற பெட்டி. பெரிய அலுவலகம் ஒன்றில் அந்தப் பெட்டிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அவர் வேலை. 'நெட் வரலை' என்று யாராவது புலம்பினால் அவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கமாட்டார். அந்த ஆளின் கேபிளில் போகிற வருகிற தகவல் பொட்டலங்களுக்கெல்லாம், அதாவது பாக்கெட்டுக்கெல்லாம், ஒரு நகல் தன் லேப்டாப்புக்கு வரும்படி செய்து, உட்கார்ந்து படிப்பார். மனுஷன் பூசி மெழுகுவான், பாக்கெட் மெழுகாது என்பது அவர் கட்சி.

வீட்டு நிலவரம் இதுதான். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. நாளெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்பாள். முன்பெல்லாம் மாலையில் அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் அன்றைய புகார்களை நடித்தே காட்டிவிடுவாள். ஒரு மாதமாக அது இல்லை. அவர் வரும் நேரத்துக்கு அவள் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே சத்தமே இல்லை. சிரித்தாலாவது யாரோடு என்று சந்தேகப்படலாம். ஷூவைக் கழற்றிவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் குரலுக்கு ஏங்கினார். ஆனால் கேட்கவில்லை. கேட்பது அவர் முறை இல்லையே.

அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஸ்விட்ச் ஒன்று அன்றே வீட்டுக்கு வந்தது.

"எதுக்குங்க இது?"

"நெட் வேகமா வரும்."

"வேகமா வந்து?"

"வேகமா... வேலை முடியும்."

"முடிஞ்சு?"

அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் டூல்ஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். கையில் ஒரு பழைய தாழ்ப்பாள் அகப்பட்டது. எந்தக் கதவுடையதோ என்று மறுபடி உள்ளே போட்டார்.

மறுநாள் மாலை கதவு சாத்தியிருந்தது. அவர் ஹாலில் லேப்டாப்பை ஸ்விட்சில் இணைத்து, அவள் அறைக் கேபிளுக்கு நகல் வைத்தார். உடனே அவருடைய நெட் போய்விட்டது. அது வழக்கம்தான். நகல் வாங்குகிற போர்ட்டுக்குக் காது மட்டும் உண்டு, வாய் கிடையாது.

பாக்கெட் வந்தது. ஒரே மாதிரி வந்தது. 'இந்த முகவரியில் யார்? இருந்தால் சொல்லவும்.' கொஞ்சம் பொறுத்து மறுபடி, 'இந்த முகவரியில் யார்?' வேறு ஒரு பேச்சும் இல்லை.

கூட வேலை செய்பவனுக்குப் போன் போட்டார்.

"போர்ட் நம்பர் மாத்திப் போட்டிருப்பீங்க, சார்."

"இல்லப்பா, சரியாத்தான் இருக்கு. லைட்டும் எரியுது."

"வர்றதை மட்டும் பிடிக்கிறீங்களா, போறதையும் பிடிக்கிறீங்களா?"

"ரெண்டையும்தான்."

"அப்ப அந்தப் பக்கம் யாரும் பேசலைன்னு அர்த்தம். யாரு சார் அந்தப் பக்கம்?"

"கஸ்டமர்" என்று போனை வைத்தார்.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். ஸ்விட்சை அணைத்துப் போட்டார். மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, ஏதாவது மாட்டுச்சா?"

அவர் தலை மேசையில் இடித்தது. "எ... என்ன மாட்டணும்?"

"என் கேபிளைக் கழட்டி பிரிண்டர்ல சொருகிட்டேன். அதுவாவது 'யாரு இருக்கீங்க'ன்னு கேட்டிருக்குமே."

அவர் லேப்டாப்போடு கதவருகே போய் நின்றார். "உனக்கெப்படித் தெரியும்?"

"கல்யாணமான புதுசுல மணிக்கணக்கா சொன்னீங்களே, நகல் எடுக்கிற கதையை. பெட்டியைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு."

"நீ தூங்கிட்டேன்னு நினைச்சேன்."

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் கேக்கிறதில்ல. போன மாசம் பேசிக்கிட்டே இருந்தவ நடுவுல நிறுத்திப் பார்த்தேன். அதுக்கப்புறமும் ஒரு 'ம்' வந்துச்சு. இன்னொரு 'ம்'மும் வந்துச்சு."

அவர் 'ம்' என்று வாய்வரை வந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"அதான் உள்ள வந்து உக்காந்துட்டேன். நீங்களா தேடி வருவீங்களான்னு பார்த்தேன். ஒரு மாசமாச்சு. பெட்டிதான் வந்துச்சு."

"நீ இல்லாம ஹால்ல இருக்க முடியலை" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே திகைத்தார். "ஷூவைக் கழட்டினதும் அடுத்து என்ன பண்றதுன்னே தெரியலை. உன் குரலைக் கேக்கணும்போல இருக்கு."

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இதை நேர்ல வந்து சொல்லக் கூடாதா?"

"எப்படி வர்றது? தாழ்ப்பாளைத் திற முதல்ல."

"எந்தத் தாழ்ப்பாளை?" என்றாள் அவள். "ரிப்பேர் பண்றேன்னு போன வருஷம் நீங்க கழட்டினது உங்க டூல்ஸ் பெட்டியிலதான் கிடக்கு."