கிழ மானைச் சுட்ட காரணம்

ஸ்காட்லாந்து
அக்டோபர், திங்கட்கிழமை

அன்புள்ள மச்சான் டெல்பர்ட்டுக்கு,

உன் தங்கை மார்லிஸும் நானும் இங்கே சுகம். விஸ்கான்சினில் நீயும் உன் முட்டி வலியும் சௌக்கியம்தான் என்று நம்புகிறேன். எங்கள் இங்க்ரிட்டின் கல்யாணம் சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை ரூரி தங்கமான பையன். நிற்க.

நம் பந்தயத்தைப் பற்றி நீ கடை கடையாகப் போய்ப் பேசுவதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். உன் வீட்டுச் சுவரில் பன்னிரண்டு கிளைக் கொம்போடு தொங்குகிறதே வெள்ளைவால் மான், அதைவிட ஒரு கிளையாவது கூடுதலாக உள்ள மானை நான் இங்கே சுட வேண்டும். தவறினால் ஓடைக்கரை ஓக் மரத்தில் நான் கட்டிய பரண் உனக்கு. இதுதானே பேச்சு? இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்த பரண், டெல்பர்ட். அது போனால் நவம்பர் வேட்டை மாதம் முழுக்க நான் எங்கே உட்காருவேன், வீட்டில் மார்லிஸோடா?

"அங்க மானெல்லாம் நம்ம நாய் உயரம்தான், போய்ட்டு வா" என்று நீ கிண்டல் செய்தாய். நாய் உயர மானும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது இங்கிலாந்தில், தெற்கே, தோட்டத்து ரோஜாச் செடியைத் தின்றுகொண்டு திரிகிறதாம். கொம்பே இல்லாமல் கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும் மான்கூட அங்கே உண்டாம். ஆனால் இந்த மலையில் இருப்பது செம்மான். நம் ஊர்ப் பெரிய மான் எல்க்கின் பங்காளி. புல்லுக்குப் பதில் புதரைத் தின்று வளர்வதால் எடை மட்டும் பாதிகூடத் தேறாது.

சம்பந்தி ஃபார்கர் இந்த மலைக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரரிடம் முப்பது வருடமாகத் தலைமை வேட்டைக்காரர். எந்த மானைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்பது அவர் வாக்கு. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை என்னை மலைக்கு அழைத்தார். நானும் நம் வழக்கப்படி கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, முதுகில் விமானத்தில் சுமந்து வந்த மடக்குப் பரண் சகிதம் வாசலில் போய் நின்றேன். மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரோடு போடவா போறீங்க?" என்றார்.

"எங்க ஊர்ல ஆரஞ்சு போடலைன்னா அபராதம், சம்பந்தி. ஒருத்தன ஒருத்தன் சுட்டுருவான்."

"இங்க மலையில நாம ரெண்டு பேருதான். நான் உங்களைச் சுட மாட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த எண்ணம் இல்ல. அது என்ன முதுகுல?"

பரண் என்றேன். எந்த மரத்தில் கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். இந்த இடத்துக்கு மான் காடு என்று பெயர், டெல்பர்ட், பதினைந்து மைல் சுற்றளவில் பல் குத்தக்கூட ஒரு குச்சி கிடையாது. செத்துப்போன அவருடைய சித்தப்பாவின் கம்பளிக் காற்சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். சித்தப்பா ஒல்லியான மனுஷர் போலிருக்கிறது.

பிறகு நான்கு மணி நேரம் சேற்றில் தவழ்ந்தோம். நாமாக இருந்தால் மரத்தில் ஏறி உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, மான் தானாக வரட்டும் என்று காத்திருப்போம். இங்கே மானைத் தேடி வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும், அதுவும் காற்றுக்கு எதிராக. துப்பாக்கியைக்கூட என் கையில் தரவில்லை, கடைசிவரை அவரே தூக்கி வந்தார். வாய் சும்மா இருக்குமா, நம் எல்க் எவ்வளவு பெரிது, மூஸ் எவ்வளவு பெரிது என்று நான் கிசுகிசுத்துக்கொண்டே போனேன்.

"பெருசா இருக்கறதைச் சுடறதுல என்ன இருக்கு? மாட்டுக் கொட்டகையைக்கூடத்தான் குறி தப்பாம சுடலாம். தலையைக் கீழ வைங்க" என்றார்.

மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தால், நூற்றைம்பது அடி தள்ளி ஒரு ஆண் செம்மான். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதினான்கு கிளை. என் பரண் என் பரணாகவே இருக்கப் போகிறது என்று கண்ணில் நீர் வந்துவிட்டது. துப்பாக்கிக்குக் கை நீட்டினேன்.

"அது இல்ல" என்றார் ஃபார்கர். "அதுக்கு அந்தப் பக்கத்துல நிக்குது பாருங்க, கிழடு. கொம்புல கிளையே இல்லாம, கோணலா. அதைத்தான் எடுக்கணும். நல்லது நின்னு குட்டி போட வைக்கட்டும். பெரியவனைத் தொட்டீங்கன்னா முதலாளி என் வேலையைப் பறிச்சுடுவார்."

என் நிலைமையை யோசித்துப் பார். இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருடப் பரண். அந்தப் பக்கம் மறுநாள் இந்த வீட்டுக்கு வாழப் போகும் என் ஒரே மகள், அவள் மாமனாரின் பிழைப்பு. அவர் நீட்டிய துப்பாக்கியை வாங்கி மூச்சை அடக்கினேன். விசையை அழுத்தினேன். கிழ மான் விழுந்தது.

ஃபார்கர் என்னைக் கட்டிப்பிடித்தார். "நூத்துக்கு தொண்ணூறு அமெரிக்கக்காரன் பெருசைத்தான் சுட்டிருப்பான். நீங்க நம்ம மனுஷன், சம்பந்தி" என்றார். அப்புறம் முதல் மான் சுட்டவனுக்கு வழக்கம் என்று மான் ரத்தத்தை என் முகமெல்லாம் பூசினார். நாற்பத்து நான்கு வருடமாக வேட்டையாடுபவனுக்கு. பொழுது சாயும்வரை கழுவக் கூடாதாம். நான்கு மணிக்குத் தேவாலயத்தில் கல்யாண ஒத்திகை. பாதிரியார் என்னைப் பார்த்ததும் மார்லிஸைப் பார்த்தார். சுட்ட மானும் எனக்கில்லை, மட்டக் குதிரையில் ஏறிப் பண்ணைக்காரரின் கிடங்குக்குப் போய்விட்டது.

ஆகவே மச்சான், நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். பிரிட்டிஷ் மானைப் பிரிட்டிஷ் முறைப்படிதான் அளக்க வேண்டும். இங்கே கொம்பு எவ்வளவு மட்டமோ, சுட்டவனுக்கு அவ்வளவு மரியாதை. அந்தக் கணக்கில் என் மானுக்கு முன்னால் உன் பன்னிரண்டு கிளை நிற்கவே முடியாது. அதைச் சுட்டதற்கு நீ கொஞ்சம் கூச்சப்பட்டாலும் தகும். பந்தயத்தில் நான் ஜெயித்தேன். தயவுசெய்து என் பரணில் ஏறாதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தேவன் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

உன் பிரியமுள்ள,
ஆர்வில்

பி.கு.: கடிதத்தைப் படித்த மார்லிஸ், உண்மையை நீங்கள் எழுதுகிறீர்களா, என் அண்ணனுக்கு நான் போன் போடட்டுமா என்கிறாள். சரி, உண்மை இதுதான்: நான் குறி வைத்தது பெரியவனைத்தான். விசையை அழுத்திய நொடியில் அது ஓரடி முன்னால் நகர்ந்து தொலைத்தது. குண்டு அப்பால் நின்ற கிழட்டின் மேல் பட்டது. பரண் உனக்கே. ஆனால் கல்யாண விருந்தில் ஃபார்கர் எழுந்து நின்று, என்னைப் போல ஆசையை அடக்கிய மனுஷனைப் பார்த்ததில்லை என்று பேசிக் கண் கலங்கிவிட்டார். நவம்பரில் ஒரு வாரம் நம் ஊருக்கு வருகிறார். அந்த அடக்கத்தை எனக்குக் கற்றுத்தந்ததாக நான் சொல்லிவைத்த பரணில் ஒரு நாளாவது உட்கார வேண்டுமாம். அந்த ஒரு வாரம் மட்டும் அது என்னுடையது என்று சொல்லு, மச்சான். நீ கேட்பது எதுவானாலும் தருகிறேன்.