வத்தல் மூட்டையில் ஓர் இளவரசன்

என் அய்யாவை ஒருமுறை முப்பது பேர் முன்னிலையில் திருடனாக்கியிருக்கிறேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது அட்டை கிழிந்த ஒரு காதல் கதைப் புத்தகம் மட்டும்தான்.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயது. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், மிளகாய் விவசாயம். பிளஸ் டூ முடித்துவிட்டு ராமநாதபுரத்துக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்வந்தேன். (படித்தது டைப்ரைட்டிங் இல்லை. அதை இப்போது சொல்லலாம், அம்மா இதைப் படிக்கப் போவதில்லை.) பக்கத்து மெஷினில் தட்டும் சித்ரா மாத நாவல்கள் கொண்டுவருவாள். அப்படி வந்தவன்தான் அந்த இளவரசன்.

அவன் போகும் இடமெல்லாம் மழை பெய்யும் என்று ஒரு முனிவர் சாபம். அரண்மனைச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்ததால் ராஜாவே அவனை வெளியே அனுப்பிவிடுகிறார். மலையடிவாரத்தில் பணியாரக் கடை நடத்தும் ஒரு பெண்ணின் மாடிக்கு அவன் குடிவருகிறான். அவன் படியிறங்கினால் முற்றத்தில் அவள் அடுப்பு அணைந்துபோகும். கதையில் கொலை இல்லை, போர் இல்லை, மாமியார் இல்லை. இளவரசனின் வேட்டி எப்போது காயும் என்பதுதான் ஆகப் பெரிய கவலை.

இரண்டு குடம் தண்ணீருக்கு ஊருணிவரை நடந்துவிட்டு வந்து அதைப் படித்தால் கால் வலி எங்கே போனதென்று தெரியாது. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்பது முதல் பக்கத்திலேயே விளங்கிவிடும். அந்த நிம்மதிக்காகவே திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மாவுக்குக் கதைப் புத்தகம் என்றாலே ஆகாது. கண்டால் டைப்ரைட்டிங்கை நிறுத்திவிடுவாள். டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் துழாவுவாள். அவள் கை வைக்காத ஒரே இடம் மிளகாய் வத்தல் மூட்டை. கை எரியும் அல்லவா? வாய் திறந்து நின்ற ஏழு மூட்டைகளில் ஒன்றுக்குள் இளவரசனை இறக்கிவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

காலையில் எழுந்தால் மூட்டைகளைக் காணோம்.

"அய்யா விடியமுன்னயே வண்டியேத்திப் போயிட்டாகளே," என்றாள் அம்மா. "ஏன்த்தா மூஞ்சி இப்பிடி வெளுக்குது?"

பஸ் பிடித்து ஓடினேன், டைப்ரைட்டிங்குக்கு அல்ல, மிளகாய் மண்டிக்கு. அந்த மண்டியில் அய்யாவுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மேல்வத்தல் எப்படியோ அடிவத்தலும் அப்படி என்று பெயர் எடுத்தவர். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு வெளியூர் வியாபாரி வந்திருந்தார். எல்லா மூட்டையையும் கொட்டித்தான் பார்ப்பேன் என்று நின்றிருக்கிறார். நான் உள்ளே நுழைந்தபோது மூன்றாவது மூட்டையிலிருந்து இளவரசன் பொத்தென்று விழுந்தான்.

"கல்லு வச்சுப் பாத்திருக்கேன், மண்ணு வச்சுப் பாத்திருக்கேன்," என்றார் வியாபாரி. "எடைக்குப் புத்தகம் வச்சு இப்பத்தான் பாக்குறேன்."

முப்பது பேரும் அய்யாவைப் பார்த்தார்கள். அய்யா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உடனே பாய்ந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்ராவுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்தேன். அதற்குள் நெடி ஏறி, மண்டி அதிரத் தும்மினேன். அத்தனை தலையும் திரும்பியது.

"அது... என் புத்தகம்," என்று அய்யா பக்கத்தில் போய் நின்றேன்.

வியாபாரி நம்பவில்லை. "அப்பனுக்காக மக பழியேத்துக்கிறா. உன் புத்தகம்னா கதையைச் சொல்லு பாப்போம்." புத்தகத்தை மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். "நீங்க சரிபாருங்க."

சொன்னேன். முப்பது ஆண்கள், நடுவில் அய்யா. காதல் காட்சி வந்ததும், "அப்புறம் ரெண்டு பேரும் நல்லாப் பழகுனாங்க," என்று தாவினேன்.

கணக்குப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இங்கன வேற மாதிரில்ல போட்டிருக்கு?"

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். பிளக்கவில்லை. (மழையில்லாமல் ஏற்கெனவே நிறையப் பிளந்திருந்தது.) கண்ணை மூடிக்கொண்டு, "கல்யாணம் கட்டுனா சாபம் தீந்துரும், மழை நின்னுரும்," என்று முடிவுக்கு ஓடினேன்.

"இரு தாயி," என்றார் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். "போற இடமெல்லாம் மழையா? அது சாபமா?"

"வரம்ல!" என்றார் இன்னொருவர். "அந்தப் பயலை நம்ம பக்கம் வரச் சொல்லுங்கய்யா."

"ஐப்பசியில வரச் சொல்லு. மாசியில வந்தா களத்துல கிடக்குற வத்தல் என்னாகுறது?"

"அந்தப் புள்ளைய யாரு கல்யாணத்துக்கு அவசரப்படச் சொன்னது? கண்மாய் நிறையட்டும், பொறவு கட்டட்டும்!"

இளவரசனின் கல்யாணத்தை நிறுத்துவதில் மண்டியே ஒன்று சேர்ந்துவிட்டது. வியாபாரி சிரித்தார். சிரித்ததில் நெடி ஏறி, இருமி, கண்ணெல்லாம் நீராகி, கடைசியில் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. பாக்கி மூடையைப் பிரிக்க வேணாம்."

அய்யா துண்டைத் தோளில் போட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, அங்கே எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான்.

திரும்பும் வழியில் அவர் மாட்டின் முதுகையே பார்த்து வண்டியோட்டினார். அடி விழுமா, படிப்பு நிற்குமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊர் எல்லை வந்ததும் மாட்டைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"ஏத்தா, கடைசியில கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுய்யா."

"மழை?"

"நின்னுபோச்சு."

"ப்ச்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "உங்காத்தாகிட்ட மூச்சு விட்றாத."

விடவில்லை. ஆனால் மண்டி விட்டுவிட்டது. மூன்றே நாளில் கதை அம்மா காதுக்கு வந்தது. அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்து, சிரித்துத் தொலைத்துவிட்டாள். அதன்பின் டைப்ரைட்டிங்குக்கு ஆபத்து வரவில்லை.

மூன்று வருடம் கழித்து ஓர் ஐப்பசியில் எனக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் திடீரென்று மழை கொட்டியது. பந்தல் ஒழுகியது, சாம்பாரில் தண்ணீர் சேர்ந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். நனைந்த வேட்டியோடு நின்ற அய்யா வானத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்க மாப்ள. கண்மாய் நிறையட்டும்."

பந்தலே சிரித்தது. ஒன்றும் புரியாத என் வீட்டுக்காரர் பயந்துபோய் உடனே கட்டிவிட்டார். கால் மணி நேரத்தில் மழையும் நின்றது.

இன்றும் மழை பொய்க்கும் வருடங்களில் எங்கள் சொந்தத்தில் யாரும் வானத்தைத் திட்டுவதில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்: "அன்னைக்கு இன்னும் அஞ்சு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா மாப்ள?"