ரூஃபஸ் ஃபோர்க் சீல் பூட்டிய படலம்

லாலாகுடா ரயில்வே குடியிருப்பின் குரோட்டன்ஸ் சூழ்ந்த வீட்டில் எழுந்தருளியிருப்பவனும், பணிமனை அலுவலகத்தில் நாள்தோறும் கோப்புகளோடு மல்லுக்கட்டி மாலையில் மீள்பவனும், மனைவியின் சொல்லுக்கு மறுசொல் அறியாதவனும், ஆனால் தன் மோட்டார் சைக்கிளை எவரேனும் ஓட்டை வண்டி என்றால் மட்டும் கண் சிவப்பவனுமாகிய ரூஃபஸ் வாழ்க! அவன் கை ஸ்பானர் வாழ்க! அவன் தலைக்கனமும் சற்றே வாழ்க, அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அவ்வீரனின் வாகனமோ அவன் பிறக்கும் முன்பே சாலையை ஆண்டது. கார்மேக மேனியும், ஒரே உதையில் தெருவையே திரும்பிப் பார்க்கவைக்கும் இடிமுழக்கமும் உடையது. ஆயினும் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கிநிற்கும் ஃபோர்க் கால்களில், உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே விடாது காக்கும் சீல் எனும் ரப்பர் வளையங்கள் மூப்பெய்தித் தளர்ந்தன. ஈஸ்டர் திருநாளில் ஆலயம் செல்லும் வழியில், கசிந்த கருந்துளிகள் காற்றிலேறிப் பறந்து, பின்னிருக்கையில் கொலுவிருந்த இல்லத்தரசி பிளெசியின் மாம்பழ நிறப் பட்டில் போய் விழுந்தன. அன்று இறங்கியவள் பிறகு ஏறவே இல்லை. ஞாயிறுதோறும் அவள் ஆட்டோவில் முன்னே செல்ல, வெற்றுப் பின்னிருக்கையோடு ரூஃபஸ் பின்னே சென்றான். அது அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

இந்நிலையில் ஒருநாள் காலை, காபி டம்ளரை மேசைமேல் ஓசையெழ வைத்து, பிளெசி பிரகடனம் செய்தாள்:

“நாளைக்கு மௌலா அலில சித்தி மவ கல்யாணத்துக்கு ஒரே ஒருதரம் ஏறுதேன். ஒரு சொட்டு பட்டுல பட்டுச்சோ, மறுநாளே பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன் வந்து வண்டியை எடைக்கு எடுத்துட்டுப் போயிருவான். அப்புறம் இந்த ஊரு பாஷையில கைக்கு, எதுக்குன்னு கேக்கப்படாது, சொல்லிட்டேன்!”

கேட்டான் ரூஃபஸ், அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னான், முற்றத்தில் கோணி விரித்தான். சக்கரம் கழன்றது, ஃபோர்க் கால்கள் கழன்றன, பழைய எண்ணெய் கருங்குருதியெனப் பெருகி வாளியில் நிறைந்தது. இனி ராணிகஞ்சில் தேடியலைந்து வாங்கிவந்த இரண்டு ஜோடிப் புதுச் சீல்களைப் பூட்டவேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வீரனின் புத்தி புல் மேயப் போனது.

“என் பட்டத்தரசியைப் பிரித்தது எண்ணெய். ஆகவே எண்ணெயே என் பகை. பகையின் ஒரு துளியும் இப்புதுவளையங்களைத் தீண்டலாகாது” என்று சூளுரைத்து, ஃபோர்க் குழாயையும் சீல்களையும் ஈரமறத் துடைத்து, போதாக்குறைக்குக் குளித்தெழுந்த குழந்தைக்குப் போடுவதுபோல் டால்கம் பவுடரும் போட்டு, உலர்ந்த ரப்பரை உலர்ந்த இரும்பின்மேல் வைத்து, பல்லைக் கடித்து அழுத்தினான். அது அசையவில்லை. சுத்தியலால் அடித்தான். குழாயின் கூரிய விளிம்பில் சீலின் மெல்லிய உதடு கிழிந்து தொங்கியது. அதன் இணையும் அவ்வாறே மாண்டது. எஞ்சியது ஒரு ஜோடி. ரூஃபஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

சமையலறைச் சன்னலில் அதுவரை பொறுத்திருந்த பிளெசி, இதற்கு மேல் முடியாதென்று முழங்கினாள்:

“ஏங்க, வளையல்காரி எனக்கு வளையலு ஏத்தும்போது வெறுங்கையிலயா ஏத்துனா? ஏதாச்சும் தடவித்தான ஏத்துனா? அந்த ரப்பரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

சொன்னதோடு நில்லாமல், கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்த பால் கவர் ஒன்றையும் எடுத்து வீசினாள். “கூரா இருக்கற இடத்துல இத மாட்டுங்க!”

ஆகா, அக்கணம் வெட்கமும் தெளிவும் ஒருங்கே எய்திய நம் வீரன், எந்த எண்ணெயை வெறுத்தானோ அதே எண்ணெயில் விரல் தோய்த்து, சீலின் உள்ளுதடு முழுதும் பரிவோடு தடவி, குழாயின் முனைக்குப் பால் கவரைக் கவசமாக அணிவித்து, மெல்லத் தள்ளினான். எதிர்ப்பின்றி வழுக்கி இறங்கியது சீல். மேலே ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி, சுற்றிலும் சீராகத் தட்ட, தன் இருப்பிடத்தில் போய் அமர்ந்தது. மற்றதும் அமர்ந்தது. பூட்டுவளையம் ஏறியது, புது எண்ணெய் நிறைந்தது.

மறுநாள், மாம்பழ நிறம் மாண்டபின் எஞ்சிய ஒரே பட்டாகிய மயில்கழுத்து நீலத்தை உடுத்து, வலக்கரம் கணவன் தோளிலும் இடக்கரம் பரிசுப் பொட்டலத்தின்மேலும் வைத்து, பிளெசி பின்னிருக்கை ஏற, லாலாப்பேட்டை மேம்பாலம் அதிர, ஆட்டோக்கள் ஒதுங்க, வேகத்தடைதோறும் ஃபோர்க்குகள் பணிந்தெழ, மௌலா அலிக் குன்றை வலப்புறம் கண்டு, திருமண ஆலய வாசலில் வந்திறங்கினர். வந்தோர் அனைவரும் மணமகளை மறந்து நோக்க, பிளெசி முந்தானையை விரித்துப் பார்த்தாள். கொசுவத்தைப் பிரித்துப் பார்த்தாள். கரையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மூச்சை அடக்கி நின்றான் மாவீரன்.

திரும்பும்போதும் பிளெசி வண்டியிலேயே வந்தாள்.