ஜட்காவில் எழுதிய வழிக்குறிப்பு

1928 மார்ச் 17, சனிக்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் பதினாறு சுற்று சாவி கொடுத்தேன். குளித்து, ஜெபம் முடித்து, முந்தின நாள் டைரியில் விட்டுப்போயிருந்த ஒரு காற்புள்ளியைப் போட்டேன். ஆறு மணிக்கு மூன்று இட்லி, ஒரு காப்பி. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது என்பதற்கு டைரியே சாட்சி. அதற்குப் பிறகு நடந்ததற்கு வேலூரில் பாதிப் பேர் சாட்சி.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர். எங்கள் முதலாளி சாயபு அந்த வருஷம்தான் ஒரு கார் வாங்கியிருந்தார். டிரைவர் இருந்தாலும் அவசரத்துக்கு இன்னொருவர் வேண்டும் என்று, என்னையும் ஏரிக்கரையில் பன்னிரண்டு நாள் பழகவைத்து லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் நல்ல டிரைவர்தான், சாலை நேராகப் போகிறவரை. (ஏரிக்கரையில் ஏது சந்தி?)

வெள்ளிக்கிழமை மாலை டிரைவருக்குக் குளிர்ஜுரம் வந்து படுத்துவிட்டார். வெளிநாட்டுக்குத் தோல் வாங்கி அனுப்பும் ஏஜெண்ட் ஒருவர் வேலூர் பயணியர் பங்களாவில் தங்கியிருந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் எங்கள் மாதிரித் தோல் பன்னிரண்டையும் அவர் கண்ணில் காட்டியாக வேண்டும். பிடித்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் தொட்டிகள் காய்ந்து கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.

"ரைட்டரே, காருக்குக் காயம் ஆனா ஆவட்டும். நேரம் தவறிட்டா எல்லாருக்கும் பேஜாரு" என்றார் முதலாளி.

எனக்குக் கவலை இல்லை. என்றைக்காவது இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்து, இரண்டு வாரம் முன்பே வேலூர் போனபோது ஒரு ஜட்கா பிடித்து, ஊர் எல்லையிலிருந்து பங்களா வரை உள்ள ஐந்து சந்திகளையும் நோட்டில் ஏற்றியிருந்தேன். ஜட்காவின் முன்பக்கம் யாரோ ஏற்றிய அரிசி மூட்டை இருந்ததால், வண்டியின் வாலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை ஹாரன், எந்தப் பக்கம் திருப்பம், எங்கே மாடு படுத்திருக்கும் என்பதுவரை பென்சிலால் எழுதினேன். அந்தக் குறிப்பைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

வாசித்துக்காட்ட ஓர் ஆள் வேண்டுமே? என் மனைவி எஸ்தர் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அன்று பள்ளி விடுமுறை. அறுபது பிள்ளைகளை அடக்கும் குரல் எஞ்சின் சத்தத்தையும் ஜெயிக்கும் என்று அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

பள்ளிகொண்டா தாண்டும்வரை சங்கீதம் பாடிக்கொண்டே வந்தாள். ஒன்பதரைக்கு வேலூர் எல்லை.

"முதல் சந்தி. மூணு ஹாரன். இடது பக்கம் திரும்பு" என்று வாசித்தாள்.

மூன்று ஹாரன் அடித்து, இடது பக்கம் திரும்பினேன். நோட்டில் இல்லாத சந்து ஒன்று எங்களை வாங்கிக்கொண்டது. எதிரே ஆவாரம்பட்டை ஏற்றிய ஏழு மாட்டுவண்டிகள். பின்னால் மூன்று ஜட்கா, ஒரு தயிர்க்கூடை. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

முதல் வண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சாமி, கல்யாண ஊர்கோலமா? மேளத்த எங்க காணோம்?"

"இது பங்களாவுக்குப் போற வழிதானே?"

"பங்களாவா! இப்டியே போனா நேரா என் மாமியா வூடு. வர்றீங்களா? கேவுருக் களி கிண்டியிருப்பா."

சந்து முழுக்கச் சிரித்தது. நான் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். இடது என்றுதான் இருந்தது, என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு. "நோட்டில் தப்பில்லை. சாலையைத்தான் மாற்றிவிட்டார்கள்" என்று அறிவித்தேன். (இதை நான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.)

எஸ்தர் சிரிக்கவில்லை. வகுப்பில் கணக்குத் தப்பாய்ப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இத எழுதறப்ப ஜட்காவுல எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தீங்க?"

நான் கழுத்தைத் திருப்பிக் காரின் பின்பக்கம் பார்த்தேன்.

"நெனச்சேன். ட்ரில் கத்துக்குடுக்கறப்ப எதிர்ல நிக்கற பிள்ளைங்களுக்கு என் இடது கை வலதாத்தான் தெரியும். நீங்க குதிரைக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஊரையே எழுதி வெச்சிருக்கீங்க!"

"சரி, எல்லாவற்றையும் மாற்றி வாசித்துவிடு" என்றேன்.

"அவசரத்துல ஒண்ணு மாறும், ஒண்ணு மாறாது. இருங்க."

செருப்பைக் கழற்றினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இருக்கையின்மேல் மண்டியிட்டு, வண்டியின் பின்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "இப்ப நோட்டு சரி. நான் எந்தக் கைய நீட்டறனோ அந்தப் பக்கம் போங்க. யோசிக்காதீங்க."

வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஜட்காக்களை விலக்கி, காரைப் பின்னுக்குத் தள்ளிச் சாலையில் விட்டார்கள். திட்டில் இவ்வளவு தள்ளுவிசை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. நான் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினேன். மணி பத்தேகால்.

அதற்குப் பிறகு நான் ஓட்டியது காரை அல்ல, எஸ்தரின் கைகளை. "இடது!" என்றால் அவளுடைய இடது கை என் மூக்குக்கு முன்னால் நீண்டு, வளையல் முன்கண்ணாடியை மறைக்கும். நான் வலப்பக்கம் திரும்புவேன். "வலது!" என்றால் மற்றக் கை காருக்கு வெளியே நீளும். இரண்டாவது சந்தி போயிற்று, மூன்றாவது போயிற்று. பின்னால் வருகிற ஜட்காக்காரர்களை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்ததால், "தம்பி, அவசரப்படாத, நாங்க திரும்பறோம்!" என்று அவர்களையும் வழியில் மேய்த்துக்கொண்டே வந்தாள்.

நாலாவதுதான் பெரிய சந்தி. நடுவில் ஒரு கான்ஸ்டபிள். நாலு பக்கமும் வண்டிகள். நான் பிரேக்கைத் தேடுவதற்குள் எஸ்தர் எழும்பி, "இடது!" என்று வகுப்பறைக் குரலில் கூவிக் கையை நீட்டினாள். யார் வீட்டு அம்மாள் என்று நினைத்தாரோ, கான்ஸ்டபிள் விறைத்து நின்று மூன்று பக்கத்தையும் நிறுத்திவிட்டு ஒரு சல்யூட் அடித்தார். பாதியில் நின்ற எருமைகூடக் காலை எடுத்து வைக்கவில்லை. அந்தச் சந்தியை அதற்குப் பிறகு நான் நூறு முறையாவது கடந்திருப்பேன். அவ்வளவு அமைதியாக அதைப் பார்த்ததே இல்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பங்களா வாசல். ஏஜெண்ட் பெட்டிகளோடு படியில் நின்றிருந்தார். முட்டிபோட்டு முதுகைக் காட்டியபடி ஒரு பெண்மணி வந்து இறங்கியதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். தோல்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்து, மடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பன்னிரண்டாவதை வைத்துவிட்டுத் தலையாட்டினார். அந்தப் பருவத்தில் எங்கள் ஷாப்பில் ஒரு தொட்டியும் காயவில்லை.

இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர் யாராவது வழி கேட்டு, நான் "இடது பக்கம்" என்று ஆரம்பித்தால் போதும், உள்ளேயிருந்து மூன்று குரல்கள் ஒன்றாய்க் கேட்கும்: "எந்தப் பக்கம் பாத்துப்பா?"

அந்த வேலூர்ப் பயணத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்குமுன் அந்த நோட்டை எடுத்தேன். உள்ளே ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. முதல் பக்கத்தின் தலையில் மட்டும் சிவப்பு மையால் எழுதினேன்: "இதை வாசிக்கிறவர் பின்பக்கம் பார்த்து உட்காரவும். எஸ்தராக இருந்தால் உத்தமம்."