உள்பக்கப் பூட்டு

"வீட்டுக்குள்ள ஆளு இருக்கையில யாராச்சும் பூட்டுப் போடுவாகளா?"

"நான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே லிங்கேஸ்வரன் வாசல் கதவின் உள்தாழ்ப்பாளில் பித்தளைப் பூட்டை மாட்டி அழுத்தினார். சாவியை வேட்டி மடிப்பில் செருகினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

தேனியில் மோட்டார் பம்பு விற்கும் கடை வைத்திருப்பவர் லிங்கேஸ்வரன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். வாரம் முழுக்கப் பேசாததையெல்லாம் அன்று ஒரே நாளில், அதுவும் வாசல் கதவைப் பற்றி மட்டுமே, மனைவி ஜோதிலட்சுமியிடம் பேசித் தீர்ப்பார். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பகல் திருட்டைப் பற்றி வீடியோ போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்று டெல்லியில் நடந்தது, இன்னொன்று வெளிநாட்டில் நடந்தது. லிங்கேஸ்வரனுக்கு எல்லாமே பின் தெருவில் நடந்த மாதிரிதான் இருக்கும்.

இன்றைக்கு அவர் குளித்துவிட்டு வந்தபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஜோதிலட்சுமி அடுப்படியில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹாலில், அவருடைய நாற்காலியில், முப்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு துணிப்பை.

"வணக்கம்ண்ணே" என்று எழுந்தார்.

லிங்கேஸ்வரனுக்கு ஆளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மனைவிக்கு ஊர் கெங்குவார்பட்டி. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கோ, துணி எடுக்கவோ, பஸ் மாறவோ தேனிக்கு வருகிறவர்கள் நேராக இந்த வீட்டுக்கு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே மாதிரிதான் மூச்சு வாங்குவார்கள்.

"கெங்குவார்பட்டியா?" என்று கேட்டார்.

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாண்ணே. அந்தப் பக்கந்தான்."

"பேரு?"

"முத்துராஜா."

"ம், உக்காருங்க" என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லிவிட்டுத்தான் லிங்கேஸ்வரன் போய்க் கதவைப் பூட்டினார். மிக்ஸி நின்ற நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஜோதிலட்சுமி வெளியே வந்து சண்டையை ஆரம்பித்தாள்.

"வாங்கண்ணே" என்று வந்தவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "வந்தவுகள உள்ள வச்சுப் பூட்டுறீகளே, அவுக என்ன நினைப்பாக?"

"நினைக்கட்டும். நீ கதவைத் தொறந்து போட்டுட்டு மிக்ஸி ஓட்டுற. யானை உள்ள வந்தாக்கூட உனக்குக் கேக்காது."

"யானை வந்தா காப்பி போட்டுக் குடுப்பேன். இனிமே இந்த வீட்டுல உங்ககூட எனக்குப் பேச்சே கிடையாது."

அடுப்படிக்குப் போய்விட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். அதுதான் சிக்கலாகப் போயிற்று.

முத்துராஜா பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் கிளம்புறேன். கொஞ்சம் தொறந்தீகன்னா..."

லிங்கேஸ்வரன் யோசித்தார். பூட்டிய கையோடு திறந்தால் ஜோதிலட்சுமி ஜெயித்த மாதிரி ஆகிவிடும். தவிர, இந்த ஆள் ஊருக்குப் போய், மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய்ச் சோறு போடவில்லை என்று கெங்குவார்பட்டி முழுக்கச் சொல்லிவிடுவார்.

"சாப்பிட்டுத்தான் போகணும்."

"இல்லண்ணே, பஸ்ஸு..."

"தேனியில பஸ்ஸுக்கா பஞ்சம்? உக்காருங்க."

முத்துராஜா உட்கார்ந்தார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, ரசம் மட்டும் போதுமா, குழம்பும் வைக்கணுமான்னு அவுககிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

முத்துராஜா திரும்பினார். "அண்ணே, அக்கா கேக்குறாக, ரசம்..."

"கேட்டுச்சு. குழம்பும் வைக்கச் சொல்லுங்க."

"குழம்பும் வைக்கச் சொல்றாகக்கா."

"புளி தீந்துருச்சு. கடைக்குப் போகணும்னா கதவைத் தொறக்கணும்னு சொல்லுங்க."

"அப்பக் குழம்பு வேணாம்னு சொல்லுங்க."

"அந்தப் பூட்டைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டுத் திரியச் சொல்லுங்க."

முத்துராஜா லிங்கேஸ்வரன் பக்கம் திரும்பினார். "அண்ணே, வந்து... பூட்டு பாக்க லட்சணமா இருக்காம்."

லிங்கேஸ்வரன் முறைத்தார். இந்த ஆள் யார் பக்கம் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மனைவியின் பக்கம்தான். உளவு பார்ப்பதற்கென்றே அனுப்பியிருப்பார்கள்.

"அண்ணே" என்று முத்துராஜா மெல்ல ஆரம்பித்தார். "தப்பா நினைக்காதீக. வீட்டுல ஆளு இருக்கையில பூட்டுறது நல்லாவா இருக்கு? கதவு தொறந்து கிடந்தாத்தான் லட்சுமி வருவா. காத்து வரும். மனுச மக்க வருவாக, போவாக. முக்கியமா, போவாக."

"அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்று அடுப்படி கத்தியது.

தன் சந்தேகம் சரிதான் என்று லிங்கேஸ்வரன் முடிவு கட்டினார்.

"பின்னாடி ஏதாச்சும் வழி இருக்காண்ணே? சும்மாதான் கேக்குறேன்."

"இருந்துச்சு. போன மாசம் கம்பி வச்சு வெல்டிங் அடிச்சு மூடிட்டேன்."

"மொட்டை மாடி?"

"அதுக்கும் கிரில் போட்டாச்சு."

"நல்ல காரியம் பண்ணீக" என்று முத்துராஜா ஈனக் குரலில் சொன்னார்.

அப்போது தெருவில் ஏதோ கலவரம் கேட்டது. பைக்குகள் வந்து நின்றன. யாரோ ஓடினார்கள். பிறகு கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"அண்ணே, நான் எதிர்த்த வீட்டு ஜெபஷீலா. கொஞ்சம் கதவைத் தொறங்க, ஒரு விசயம்!"

லிங்கேஸ்வரனின் கை தன்னை அறியாமல் இடுப்புக்குப் போனது. முத்துராஜா பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காதீகண்ணே!" என்று காதோடு சொன்னார். "நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றதுதான் சரி. காலம் கெட்டுக் கிடக்கு. யாரு எவருன்னு எப்படித் தெரியும்?"

"அது ஜெபஷீலா. பத்து வருசமாத் தெரியும்."

"குரலு அவுகளுது. கூட நிக்கிறது யாரு?"

லிங்கேஸ்வரனின் உடம்பு சிலிர்த்தது. அவர் மனத்தில் ஓடியதை அப்படியே ஒருவர் வாய்விட்டுச் சொன்னது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. ஜன்னலின் கொக்கியைக்கூடத் தொடாமல், "வீடு பூட்டியிருக்கு! சாயங்காலம் பேசிக்கிருவோம்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார். வெளியே ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு எல்லோரும் போய்விட்டார்கள்.

"ஏண்ணே, சித்த முன்னாடி தொறந்து வைக்கணும்னீக, இப்பப் பூட்டி வைக்கணும்ங்கிறீக?" என்று கரண்டியோடு வந்து கேட்டாள் ஜோதிலட்சுமி.

"ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்குக்கா" என்று நெற்றியைத் துடைத்தார் முத்துராஜா.

சாப்பாடு ரசமும் அப்பளமும்தான். பேச்சில்லாத வீட்டில் முத்துராஜாதான் எல்லாம். 'இன்னொரு அப்பளம் வேணுமா' என்பதை இந்தப் பக்கமும் 'ரசத்துல உப்பு கூட' என்பதை அந்தப் பக்கமும் கொண்டுபோனார். உப்பை மட்டும் பாதி வழியிலேயே குறைத்துக்கொண்டார். பையை ஒரு தடவைகூட மடியிலிருந்து கீழே வைக்கவில்லை.

சாப்பிட்ட அசதியில் லிங்கேஸ்வரன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். விழித்ததும் இடுப்பைத் தடவினார்.

சாவி இல்லை.

வேட்டியை உதறினார். நாற்காலியைக் கவிழ்த்தார். முத்துராஜாவும் கூடவே தேடினார். அவரைப் போல் உயிரைக் கொடுத்துத் தேடியவர் யாருமில்லை. சோபாவுக்கு அடியில் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். சாமி அலமாரியில் விபூதித் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்று அழாத குறையாகக் கெஞ்சினார்.

லிங்கேஸ்வரனுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. தூங்கும்போது பக்கத்தில் இருந்தது யார்? மனைவியின் ஊர்க்காரர். அவள் கண்ணைக் காட்டியிருப்பாள், இவர் உருவியிருப்பார்.

"தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுங்க."

முத்துராஜா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பையா? பையில ஒன்னுமில்லண்ணே."

"ஒன்னுமில்லைன்னா காட்டுறதுக்கு என்ன?"

"பழைய துணிமணி..."

"காட்டுங்கன்னா காட்டுங்க!" லிங்கேஸ்வரன் பையின் ஒரு காதைப் பிடித்து இழுத்தார். முத்துராஜா இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"சீ! கைய எடுங்க!"

ஜோதிலட்சுமி ஹாலுக்கு நடுவில் நின்றிருந்தாள். பேச்சே கிடையாது என்று சொன்ன பிறகு கணவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் சொல் அதுதான்.

"வீட்டுக்கு வந்து நம்ம சோத்தைத் தின்ன மனுசன் பையைச் சோதிக்கிறீகளே, உங்களுக்கே அசிங்கமா இல்ல? இந்தாங்க உங்க சாவி!" சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து மேசைமேல் போட்டாள். "நீங்க தூங்கையில நாந்தான் எடுத்தேன்."

"எடுத்தியா? பெறகு ஏன் தொறக்கல?"

"நான் தொறந்தா நாளைக்கு இன்னொரு பூட்டு வரும். நீங்களாத் தொறக்கணும்னுதான் வச்சிருந்தேன்."

முத்துராஜா தலையில் கைவைத்துக்கொண்டார். "அக்கா, அம்புட்டு நேரமும் சாவி உங்ககிட்டயா இருந்துச்சு? நான் சோபாவுக்கு அடியில எல்லாம் போயி..."

அவர் பேச்சைக் கணவனும் மனைவியும் காதில் வாங்கவில்லை. ஜோதிலட்சுமியின் கண் கலங்கியிருந்தது.

"போன வாரம் எங்க சித்தி மக வந்து தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாளாம். நான் உள்ள மிக்ஸி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். போன் போட்டு, 'உங்க வீடு என்ன ஜெயிலா அக்கா'ன்னு கேக்குறா. அடைச்ச வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுதுங்க."

லிங்கேஸ்வரன் சாவியை எடுத்துக் கையில் உருட்டினார். குரல் இறங்கிவிட்டது.

"கடையில உக்காந்திருப்பேன். எவனோ மோட்டார் விலை கேப்பான். எனக்கு நினைப்பெல்லாம் இங்கனதான் கிடக்கும். நீ ஒத்தையில இருக்க, கதவு தொறந்து கிடக்கும்னு. ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் என்ன ஜோதி பண்ணுவேன்?"

"இதை வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? பூட்டை வாங்கிட்டு வந்து மாட்டுனா எனக்கு எப்படித் தெரியும்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் கதவைப் பற்றிப் பேசிய பேச்சில் இதுதான் பேச்சு. லிங்கேஸ்வரன் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார். இரண்டு கதவுகளையும் சுவரோடு ஒட்டத் திறந்து வைத்தார். மாலை வெயிலும் மேற்கு மலைக் காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன. பிறகு முத்துராஜாவுக்கு முன்னால் வந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

"பரவாயில்லண்ணே" என்றார் முத்துராஜா பெருந்தன்மையாக. "இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல."

ஜோதிலட்சுமி ஓடிப்போய்த் திராட்சையும் முறுக்கும் கொண்டுவந்தாள். "இதைப் பையில வச்சுக்கங்கண்ணே."

"கையிலயே கொண்டு போறேன்க்கா!" என்று வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அவ்வளவுதான். தெருமுனையில் திரும்பும்போது ஓட்டமாகவே போனார்.

"பாவம், பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு போல" என்றாள் ஜோதிலட்சுமி. இருவரும் வாசல்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "எப்பேர்ப்பட்ட மனுசன்! ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா மோட்டார் எரிஞ்சுபோச்சு, காயில் போச்சுன்னு உங்க கடையில வாங்குனவுக எத்தனையோ பேரு வீடு தேடி வர்றாக. இவுகளை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்லங்க."

லிங்கேஸ்வரன் சிரித்தார். "என் கடையில வாங்குனவரா? உங்க கெங்குவார்பட்டி முத்துராஜாம்மா அவரு."

"எங்க ஊரா? எங்க ஊர்ல எனக்குத் தெரியாத முத்துராஜா யாரு?"

லிங்கேஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது. இருவரும் தெருமுனையைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

எதிர்த்த வீட்டுக்குள்ளிருந்து ஜெபஷீலாவோடு பேசிக்கொண்டே வெளியே வந்த போலீஸ்காரர் ஒருவர், இவர்கள் வாசல் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா. பின் தெருவுல நகையத் தூக்குனவன் இந்தத் தெருவுக்குள்ளதான் ஓடியாந்தான். ஒரு வீடு விடாம உள்ள போயிப் பாத்தாச்சு சார். நல்லவேளை, உங்க வீடு ஒன்னுதான் காலையில இருந்து உள்பக்கம் பூட்டியே கிடந்துச்சு. இங்கன தேடுற வேலை எங்களுக்கு மிச்சம்!"